சும்மா இருக்கிறவளின் தோள்

ஜனவரி 9, வியாழன்

நரம்பு இல்லையாம். ஏழு மாதம் கழித்து இன்றைக்குச் சொல்கிறார்கள்.

போன ஜூனில் எங்கள் கொட்டகையில் சேமியா காயப்போடுகிற கம்பை மேல் வரிசையில் மாட்டும்போது ஸ்டூல் சாய்ந்தது. விழாமலிருக்க வலது கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கே கிழிந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் உடம்புக்குள் எது இழுத்தாலும், குத்தினாலும், மரத்துப்போனாலும் அதற்கு ஒரே பெயர்தான். "நரம்பு பெசகிருச்சு" என்றார் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு அவர் நங்கையா. எண்ணெய் போட்டு வழித்துவிடுகிற ஆளிடம் அவரே கூட்டிப் போனார். அந்த ஆள் நரம்பை எடுத்துவிட்டேன் என்று சொல்லித் தெருவே கேட்கும்படி என்னைக் கத்தவிட்டார். சரியாகவில்லை. நரம்பு நரம்பு என்று நாமே சொல்லிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். தீபாவளியும் கார்த்திகையும் அந்த மாத்திரையோடு போயின.

கோபியில் இருக்கும் எலும்பு டாக்டர் இன்றைக்கு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துச் சொன்னார்: "இது நரம்பு இல்லம்மா. தசைநார். சதையை எலும்போட கட்டி வெச்சிருக்கற நார். தோள்ல நாலு இருக்கு, அதுல ரெண்டு அறுந்து உள்ள போயிருச்சு. விழுந்த உடனே வந்திருந்தா தெச்சிருக்கலாம். இப்ப அந்தச் சதையே கொழுப்பா மாறுது. இழுத்துத் தெச்சாலும் எட்டாது."

கோயமுத்தூருக்குப் போகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வயது முப்பத்தாறு. ஒரு வார்த்தையை நம்பி ஏழு மாதம் வீணாயிற்று. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 11, சனி

முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் எழுத வருகிறது. முழங்கைக்குக் கீழே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கையை மேலே கொண்டுபோவதுதான் முடியவில்லை. மார்புக்கு மேல் போனால் தோள் மட்டும் காதுவரை ஏறுகிறது, கை பின்தங்கி நின்றுவிடுகிறது.

மகள் தாரிணிதான் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூட வண்டி வருகிற நேரத்தில் வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பின்னிவிட்டு ஓடுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அப்பாவைச் சொல்வேன்.

மேல் தட்டிலிருந்து புளி டப்பாவை எடுத்துத் தரச் சொன்னேன். "கீழ வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றார் என் வீட்டுக்காரர், குழந்தைவேல் ஐயா. ஐயா என்றுதான் இன்றைக்கு எழுதுவேன்.

"இத்தன வருசம் அது மேலதான் இருந்துச்சு. என்ற கை போனதுக்கு டப்பா எறங்கி வரோணுமாக்கும்?"

"எதுக்கெடுத்தாலும் சண்டை" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் சேமியாக் கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை. மாவைப் பிசைந்து மிஷினில் விட்டால் நூல்நூலாக இறங்கும். ஈரம் காயாமல் கம்பில் அள்ளிப் போட்டு, நுனியை ஒரே மட்டமாக நறுக்கி, கம்பைத் தலைக்கு மேல் தூக்கி வரிசையாக மாட்ட வேண்டும். ஈர மாவு தண்ணீர்க் குடத்தைப் போலக் கனக்கும். கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து அதை நான்தான் மாட்டினேன். இப்போது அதற்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறார். நான் ஒருத்தி செய்த வேலைக்கு இரண்டு பேர்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானையை இடது கையால் இறக்கினேன். பாதி அடுப்பில் கொட்டியது. பொங்கி வழிந்ததாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 20, திங்கள்

கோயமுத்தூர். டாக்டர் பெயர் ரகோத்தமன். தோள் மட்டுமே பார்ப்பவராம். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கையை உயர்த்திப் பிடித்து "அப்படியே வெச்சிருங்க" என்று விட்டார். கை தானாகக் கீழே விழுந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை.

"மூணு வழி இருக்குங்க. செயற்கை மூட்டு வைக்கறது ஒண்ணு. அது வயசானவங்களுக்கு. முப்பத்தாறு வயசுல வெச்சா தேஞ்சு போயிரும், அப்புறம் மாத்தறது பெரிய கஷ்டம். அது வேண்டாம். ரெண்டாவது, முதுகுல இருக்கற ஒரு சதையை எடுத்துத் தோளுக்கு மாத்திக் கட்டறது. பெரிய ஆபரேஷன், மாசக்கணக்குல பயிற்சி. மூணாவது சின்னது. துளை போட்டு உள்ள கிழிஞ்சு தொங்கறதை மட்டும் சுத்தம் பண்றது. வலி குறையும், ஆனா கை மேல வராது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல என்ன பண்றாங்க?"

கேட்டது என்னைப் பற்றி. கேட்கப்பட்டவர் இவர்.

"ஊட்டுல சும்மாதாங்க இருக்குது" என்றார் இவர்.

"அப்ப சின்னதே போதும்" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று வழியெல்லாம் யோசித்தேன். கேன்டீனில் காபி ஆறிப்போயிருந்தது என்று அந்தப் பையனிடம் சண்டை போட்டேன். அவன் பாவம்.

ஜனவரி 22, புதன்

கேட்டுவிட்டேன்.

"சும்மா இருக்கறேன்னு எப்படிங்க சொன்னீங்க?"

இவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "பின்ன என்னன்னு சொல்லச் சொல்ற? பொண்டாட்டியக் கம்பு தூக்க உட்டுக் கஞ்சி குடிக்கறேன்னு பெரிய டாக்டருகிட்டச் சொல்றதா?"

அதாவது, அந்த வார்த்தையை இவர் பெருமைக்குச் சொல்லியிருக்கிறார். என்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறாராம். இவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் நங்கையா என் அம்மாவிடம் இதையேதான் சொன்னார்: "உங்க புள்ள எங்கூட்டுல சும்மா இருந்தாப் போதுமுங்க. வேலைக்கெல்லாம் ஆளு இருக்குது." அம்மா அதைக் கேட்டு மனம் நிறைந்துபோனாள். வந்து பார்த்தால் அந்த ஆள் நான்தான்.

கல்யாண வீடுகளில், பத்திரிகை வைக்க வந்தவர்களிடம், தாரிணியின் பள்ளிக்கூடத்தில், எங்கேயும் நான் சும்மாதான் இருக்கிறேன். இத்தனை வருடம் அது ஒரு பேச்சு என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பேச்சு என் தோளுக்கு எந்த வைத்தியம் என்று முடிவு செய்கிறது.

ஜனவரி 29, புதன்

பிப்ரவரி 11 ஆபரேஷன். சின்னதுதான். மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம். இவர் முகத்தில் ஒரு நிம்மதி. "எளுசா முடிஞ்சுது சாமி" என்று நங்கையா கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்.

யாருக்கு எளிது என்று கேட்கவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. நாளைக்கு ஆபரேஷன் இல்லை. நடந்ததை எழுதினால்தான் தூக்கம் வரும்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். கூட ஒரு சின்ன டாக்டரம்மா, கையில் என் ஃபைல். மறுபடியும் இவரைப் பார்த்தே பேச்சு. "காலைல முதல் கேஸ் இவங்கதான். வலி போயிடும். கை மேல வராதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். வீட்ல சும்மா இருக்கறவங்களுக்கு இது போதும்."

"நான் சும்மா இல்லீங்க" என்றேன்.

எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் வந்தது. டாக்டர் நின்றார். இரண்டாவது தடவை சொன்னபோது பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சேமியா, கம்பு, கொட்டகை, விடியற்காலை, ஸ்டூல், எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

டாக்டருக்கு எரிச்சல். "இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல? வேலையைப் பொறுத்துத்தானே வைத்தியம் முடிவு பண்றோம்?"

"நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே. கை என்னுது. கேள்வி அவருக்கு."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தோடு முடிந்திருந்தால் இவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. இவர் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க சார், அது வந்து, கம்பெனில கம்பு மாட்டோணுங்க. ஓணத்துக்குப் பாலக்காட்டுல இருந்து பெரிய ஆர்டர் வருமுங்க. அந்த அளவுக்குக் கை வந்தாப் போதுமுங்க."

போன மாதம் எனக்குக் கையே தேவையில்லை. இன்றைக்குக் கை வேண்டும், ஆனால் கம்புக்கு. நான் கட்டிலில் இவ்வளவு பெரிய ஆளாக உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கணக்கிலும் நான் இல்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். "அப்படீன்னா நான் மாத்திக் கட்டற ஆபரேஷன் பண்ண மாட்டேன். தோள்பட்டை எலும்பைப் பின்னால இழுத்துப் பிடிக்கற சதை முதுகுல இருக்கு. அதோட நுனியை எடுத்து, தொடையில இருந்து ஒரு நாரை எடுத்து முடிச்சுப் போட்டுத் தோளுக்குக் கொண்டு வரணும். ஆறு வாரத்துக்குமேல கையை நீட்டி வெச்சுக் கட்டிருப்போம். அப்புறம் ஆறு மாசம் பயிற்சி, சிலருக்கு ஒரு வருசம். நல்லா அமைஞ்சா கை தலைக்கு மேல போகும். அமையாமயும் போகலாம். ஆனா தினம் தலைக்கு மேல கனம் தூக்கினா அந்த நார் தாங்காது. கம்பு தூக்கத்தான்னா இவ்வளவு பாடு வேண்டாம்." அப்புறம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. எதுக்குக் கையைத் தூக்கணும்?"

யோசிக்கவே இல்லை. "சும்மாதாங்க" என்றேன்.

சின்ன டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை.

"சும்மா தூக்கோணுங்க. தலை பின்னோணும். கொடியில துணி போடோணும். பஸ்ஸுல நின்னா கம்பியப் புடிக்கோணும். அதெல்லாம் இல்லாட்டியும் என்ற கைய நான் தூக்கினா அது தூக்கோணுங்க. வேற காரணம் இல்லீங்க."

டாக்டர் ஃபைலை வாங்கி, சின்ன ஆபரேஷன் என்று இருந்ததை அடித்துவிட்டுப் பெரியதை எழுதினார். முதுகுச் சதை நன்றாக இருக்கிறதா என்று மேலும் பரிசோதனை செய்து அடுத்த வாரம் தேதி சொல்வதாகச் சொன்னார். அதற்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வந்த நர்ஸ் பேனாவை இவரிடம் நீட்டினாள். நான் வாங்கிப் போட்டேன்.

வராந்தாவில் இவர் சொன்னார்: "நாலு பேருக்கு முன்னால என்ற மானத்த வாங்கிட்டயே."

"உங்க மானத்த என்ற தோள்லயா வெச்சிருந்தீங்க?"

இவர் போய் இட்லி வாங்கி வந்தார். எனக்குப் பிடித்த காரச் சட்னியையும் கேட்டு வாங்கி வந்திருந்தார். நான் தொடவில்லை. பசித்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இடது கை எழுத்து. கோழி கிளறினது போல. ஆபரேஷன் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

கை பக்கவாட்டில் நீட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. இடுப்பில் ஒரு பெட்டி, அதன்மேல் கை. கதவில் நேராக நுழைய முடியாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நான் எதையோ வாங்க நீட்டியிருப்பதாக நினைத்துப் பழத்தைக் கையில் வைக்கிறார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

வேலைக்கு வைத்த இரண்டு பேரில் ஒருத்தி வரவில்லை. விடியற்காலையில் இவரே கம்பு மாட்டினார். பத்து மணிக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து தைலம் எங்கே என்று கேட்டார்.

சிரித்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது. இருந்தாலும் சிரித்தேன்.

ஏப்ரல் 12, சனி

கட்டு அவிழ்த்தாயிற்று. அவிழ்த்தால் ஏதோ நடந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. இரவல் வாங்கி வந்த கை போலத் தொங்குகிறது. நாற்பது வயசுக்கு முன்னால் இப்படி ஆவதற்கு நான் யாருடைய சொத்தைத் தின்றேன்?

மே 21, புதன்

வாரம் இரண்டு தடவை கோபியில் பயிற்சி. சொல்லித் தருகிற பெண் பெயர் ஜெனிஃபர். பொறுமைசாலி. பொறுமைசாலிகளைக் கண்டாலே இப்போது எனக்கு ஆவதில்லை.

"அக்கா, கையைத் தூக்கணும்னு நினைக்காதீங்க. தோள்பட்டை எலும்பைப் பின்னால சேர்க்கணும்னு நினைங்க. அந்த முதுகுச் சதைக்கு இது புது வேலை. இத்தனை நாள் அது அந்த எலும்பை மட்டுந்தான் இழுத்துட்டு இருந்துச்சு. இனிமே கையையும் தூக்கணும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

சொல்கிறேன். கேட்பதில்லை. கை தோள்மட்டம் வரை வந்து நடுங்கி இறங்குகிறது. நேற்று பயிற்சி அறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஜெனிஃபர் தண்ணீர் கொடுத்தாள்.

இவர்தான் காரில் கூட்டிப் போகிறார். நான் கேட்டதில்லை. வெளியே வெயிலில் நின்றுகொண்டிருப்பார். வண்டியில் இருவரும் பேசுவதில்லை. வரும்போது கரும்புச் சாறு வாங்கித் தருகிறார், அதைக் குடித்துவிடுகிறேன். அதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 30, திங்கள்

அதே தோள்மட்டம். நார் நன்றாகப் பிடித்திருக்கிறது என்கிறார் டாக்டர். "உங்க மூளைதான் இன்னும் நம்பல." மூளையைக் கழற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

இதற்காகவா அவ்வளவு பேசினேன் என்று சில நாள் தோன்றுகிறது. சின்ன ஆபரேஷனே செய்திருந்தாலும் இதே இடத்தில்தான் இருந்திருப்பேன், வலியாவது சீக்கிரம் போயிருக்கும். இதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் நங்கையாவுக்குக் கொண்டாட்டம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போனோம். தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்ற இரண்டு கையும் வேண்டும். தாரிணி ஊற்றிவிட்டாள். "அம்மாளுக்குக் கொழந்தையாட்ட எல்லாம் பண்டி உடோணும்" என்று நங்கையா படித்துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஓணம் ஆர்டர் வந்துவிட்டது. கொட்டகையில் வேலைக்காரப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள், இன்னொருத்தி போன வாரம் மில்லுக்குப் போய்விட்டாள். இவர் ஸ்டூல் மேல் நின்று மாட்டிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனேன். இடது கையில்தான்.

நங்கையா பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தார். "அவன் ஒத்த ஆளா நின்னு சாகறான். நீயுந்தான் எத்தன மாசம் கையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவ? ரண்டு கம்பு எடுத்துக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிரும்? முன்னயும் நீ என்ன பெருசா பண்டிப்போட்ட, என்னமோ வாரதும் போறதுமாத்தான இருந்த?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தேனா, போட்டேனா தெரியவில்லை.

"வாரதும் போறதுமா? பாருங்க நங்கையா. நிமுந்து பாருங்க. அந்த மேல் வரிசை. அது, அதுக்குப் பக்கத்துல இருக்கறது, அங்க மூலைவரைக்கும். கல்யாணமான மறுமாசத்துல இருந்து அத்தனையும் மாட்டுனது ஆரு? தாரிணி வவுத்துல இருக்கறப்ப ஏழாம் மாசம் வரைக்கும் மாட்டுனது ஆரு? நீங்களா? உங்க தம்பியா? இனி ஒரு வாட்டி எவராச்சும் என்னைய ஒண்ணும் பண்டலீன்னு சொன்னீங்கன்னா..."

எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன். கொட்டகையில் யாரும் மேல் வரிசையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். மேல் வரிசையைக் காட்டிக்கொண்டு என் வலது கை நேராகத் தலைக்கு மேல் நின்றிருந்தது. முழங்கை மடங்கவில்லை. தோள் காதுக்கு ஏறவில்லை. முதுகுச் சதைக்கு நான் எதுவுமே சொல்லவில்லை.

இவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். "ஜமுனா, கை" என்றார். குரல் தழுதழுத்தது. என் விரலைத் தொடப்போகிறவர் போல இவர் கையை நீட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கடவுளே. அப்ப ஓணத்துக்குள்ள நீ கம்பு..."

"கைய மட்டுந்தாங்க தூக்குவேன்" என்றேன். "கம்ப நீங்க தூக்குங்க."

நங்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு அக்கா" என்று இவர் அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த கம்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

நான் கையை உடனே இறக்கவில்லை. வலித்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.